கடன் வாங்கி டிவிடெண்ட் ஃபண்டில் போடலாமா?

‘லோன் எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போடுங்க, வர்ற டிவிடெண்டே தவணையைக் கட்டிடும்’ என்று தெரிந்தவரோ ஏஜென்ட்டோ சொன்னால், கையெழுத்துப் போடும் முன் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள்.

1. வட்டியை ஆண்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். ‘ரெண்டு வட்டி’ என்றால் 24. அந்த வட்டிக்கு வாங்கி எந்த ஃபண்டில் போட்டாலும் கட்டுப்படியாகாது, அத்தோடு பேச்சை முடித்துவிடலாம். ஃபைனான்ஸ் கம்பெனிகள் ‘7 சதவீதம்தான்’ என்றால், அது ஃப்ளாட் வட்டியா, அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் போடும் வட்டியா என்று கேளுங்கள். 5 வருடக் கடனில் ஃப்ளாட் 7 சதவீதம் என்பது, அசல் குறையக் குறைய வட்டி போடும் முறையில் ஏறக்குறைய 12.5 சதவீதத்துக்குச் சமம். பிராசஸிங் கட்டணத்தையும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. தவணையையும் டிவிடெண்டையும் அருகருகே எழுதுங்கள். 5 லட்சம் ரூபாய் பர்சனல் லோன், 12 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை 11,122 ரூபாய். ஃபண்ட் ஆண்டுக்கு 8 சதவீதம் டிவிடெண்ட் கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும் 40,000 ரூபாய்தான், மாதத்துக்கு 3,333. மீதி 7,789 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். ‘தானே கட்டிக்கொள்ளும்’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

3. டிவிடெண்ட் உங்கள் பணத்திலிருந்தே வருகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 50 ரூபாய் என்.ஏ.வி.யில் (ஒரு யூனிட்டின் மதிப்பு) 10,000 யூனிட் வைத்திருக்கிறீர்கள். மதிப்பு 5 லட்சம். யூனிட்டுக்கு 4 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தால் வரிப் பிடித்தத்துக்கு முன் 40,000 ரூபாய் வரும். அன்றே என்.ஏ.வி. 46-க்கு இறங்கும், முதலீடு 4,60,000 ஆகும். வலது பையிலிருந்து இடது பைக்குப் போன பணத்தைக் கடனுக்குக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். முதலும் கலந்து திரும்ப வரலாம் என்பதால்தான் செபி 2021 ஏப்ரல் முதல் இந்த வகைக்கு டிவிடெண்ட் என்ற பெயரையே எடுத்துவிட்டது. விண்ணப்பத்தில் ‘ஐ.டி.சி.டபிள்யூ.’ என்றுதான் இருக்கும்.

4. மாதாமாதம் வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. 2017 வாக்கில் ‘பேலன்ஸ்டு ஃபண்டில் மாதம் 1 சதவீதம் டிவிடெண்ட்’ என்று சொல்லி, ஓய்வு பெற்றவர்களிடம்கூட விற்றார்கள். 2018-ல் பங்கு சார்ந்த ஃபண்டுகளின் டிவிடெண்டுக்கு 10 சதவீத வரி வந்தது, சந்தையும் தடுமாறியது. பல ஃபண்டுகள் தொகையைக் குறைத்துவிட்டன. அதில் சட்டப்படி தவறு ஏதும் இல்லை. தவணைத் தேதியோ யாருக்காகவும் தள்ளிப்போகாது.

5. வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டை உங்கள் வருமானத்தோடு சேர்த்து, உங்கள் வரி விகிதத்தில் வரி கட்ட வேண்டும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 40,000-ல் செஸ் நீங்கலாக 8,000 போய்விடும். கடன் வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் மயங்காதீர்கள். 2020 மாற்றத்தின்போதே அந்தக் கழிவுக்கு, கிடைத்த டிவிடெண்டில் 20 சதவீதம்தான் என்று வரம்பு போட்டுவிட்டார்கள். நம் உதாரணத்தில் முதல் வருட வட்டி மட்டும் 55,000 ரூபாய்க்கு மேல். கழிவு 8,000-ஐத் தாண்டாது. கழிவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுவது பத்திரம்.

6. அதே தவணையை எஸ்.ஐ.பி.யாகப் போட்டால்? முடிவைச் சொல்லும் கணக்கு இதுதான், இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மாதம் 11,122 ரூபாய் கட்ட முடியும் என்றால், கடனே வாங்காமல் அந்தத் தொகையை அதே ஃபண்டின் குரோத் பிரிவில் மாதாமாதம் போடலாமே! 5 வருடம் கழித்து, வரிக்கு முன்:

ஃபண்ட் 9 சதவீதம் வளர்ந்தால், கடன் வாங்கி மொத்தமாகப் போட்டவரிடம் சுமார் 7.83 லட்சம், எஸ்.ஐ.பி. போட்டவரிடம் 8.39 லட்சம்.
12 சதவீதம் வளர்ந்தால் இருவரிடமும் 9.08 லட்சம்.
15 சதவீதம் வளர்ந்தால் கடன் வாங்கியவரிடம் 10.54 லட்சம், எஸ்.ஐ.பி. போட்டவரிடம் 9.85 லட்சம்.

கடன் வட்டியை ஃபண்ட் 5 வருடமும் சராசரியாகத் தாண்டினால்தான் லாபம். 15 சதவீதம் வளர்ந்தாலும் சுமார் 69,000 ரூபாய்தான் கூடுதல். நடுவில் வேலை போனால் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடலாம், கடனை நிறுத்த முடியாது. அந்த 69,000-க்காக இந்தச் சுதந்திரத்தை விடுவது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

7. 2020 மார்ச்சை வைத்துச் சோதியுங்கள். அந்த ஜனவரியில் 42,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 25,981-ல் முடிந்தது. கொரோனாவால் பலருக்குச் சம்பளம் குறைந்ததும் வேலை போனதும் அந்தச் சமயத்தில்தான். தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அப்படி ஒரு மாதத்தில் விற்காமல் தாக்குப்பிடிக்க முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள்.

8. நகையை அடகு வைத்துப் போடவே வேண்டாம். ஃபண்ட் இறங்கினால் காத்திருக்கலாம். நகை ஏலத்துக்கு வந்தால் காத்திருக்க முடியாது. ஃபண்ட் யூனிட்டுகளையே அடமானம் வைத்துக் கடன் வாங்கி மறுபடி ஃபண்டில் போடுவதும் ஆபத்து. என்.ஏ.வி. இறங்கியதும் கூடுதல் பணம் கேட்பார்கள். கட்டாவிட்டால் அடிமட்ட விலையில் விற்றுவிடுவார்கள்.

9. கடன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பங்குச்சந்தையில் போடக் கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

10. ஏற்கெனவே கடன் வாங்கிப் போட்டுவிட்டீர்களா? பதற வேண்டாம். வரும் டிவிடெண்டை வீட்டுச் செலவில் கலக்காமல், அசலில் பகுதித் தொகையாகக் கட்டுங்கள். குரோத் பிரிவுக்கு மாற்ற நினைத்தால், மாற்றுவதும் விற்பதாகவே கணக்காகும். பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்குள் என்றால் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் என்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். விற்றுக் கடனை அடைப்பதென்றால், எக்சிட் லோடு (சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணம்) இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, வருடம் முடிந்த யூனிட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.