பெருமிதமும் வெகுளியும்: ‘எந்திரன்’, ‘2.0’ படங்களில் சிட்டி பாத்திர நடிப்பு – மாமல்லபுரத் துர்க்கைச் சிற்பங்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இயக்குநர் ஷங்கரின் ‘எந்திரன்’ (2010), அதன் தொடர்ச்சியான ‘2.0’ (2018) ஆகிய இரு படங்களிலும் ரஜினிகாந்த் ஏற்ற சிட்டி என்னும் எந்திர மனிதப் பாத்திரத்தின் நடிப்பை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் பெருமிதம், வெகுளி, அழுகை ஆகியவற்றின் நிலைக்களன்கள் இவ்வொப்பீட்டுக்கு அளவுகோலாகின்றன. ஒரே வீர உருவை இருவேறு நிலைகளில் வடித்த மாமல்லபுரத் துர்க்கைச் சிற்பங்கள் துணைச்சான்றாகின்றன. முதற்படத்தில் நாயகனிடம் இருந்த மெய்ப்பாட்டு இயக்கம் இரண்டாம் படத்தில் எதிர்நாயகனிடம் இடம்பெயர்ந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, பெருமிதம், வெகுளி, சிட்டி, பட்சிராஜன், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம்.

முன்னுரை

மாமல்லபுரத்துப் பல்லவர் குடைவரைகளில் துர்க்கை இருவேறு நிலைகளில் காட்சி தருகிறாள். மகிடாசுரமர்த்தினி மண்டபத்துச் சுவரில் அவள் சிங்கத்தின் மீது அமர்ந்து, வில்லேந்தி, எருமைத் தலையுடைய அசுரனோடு பொருதுகொண்டிருக்கிறாள். போர் இன்னும் முடியவில்லை. அசுரன் கையில் கதை இருக்கிறது. தலைமேல் குடை இருக்கிறது. அவன் உடல் பின்வாங்கும் சாய்வில் நிற்கிறது. மும்மூர்த்தி மண்டபத்தின் புறச்சுவர் மாடத்திலும் ஆதிவராக மண்டபத்திலும் உள்ள துர்க்கையோ போர் முடித்தவள். வெட்டுண்ட எருமைத்தலையின் மீது நிமிர்ந்து நிற்கிறாள். எதிரி உடலிழந்து பீடமாகிவிட்டான்.

முதல் வகையைச் ‘செயல்நிலை’ என்றும் இரண்டாம் வகையைத் ‘திருவுருநிலை’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. செயல்நிலையில் காண்போர் ஒரு நிகழ்வைப் பின்தொடர்கின்றனர். திருவுருநிலையில் முன்பே அறிந்த நிகழ்வை நினைவிற்கொண்டு வணங்குகின்றனர். இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதற்கில்லை. இரண்டும் காண்போரிடம் வேண்டுவன வேறு.

சூப்பர் ஹீரோ எனப் பொதுவழக்கில் சுட்டப்பெறும் மீத்திறன் நாயகனைப் பற்றிய தொடர்படங்களிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. முதற்படம் நாயகன் உருவாவதைக் காட்டும். அடுத்த படம் உருவான நாயகனை மீண்டும் அழைக்கும். அவ்வாறு மீண்டும் வருபவனுக்கு நடிப்பதற்கு என்ன எஞ்சியிருக்கிறது என்னும் வினாவைத் தமிழின் முதன்மையான சான்று ஒன்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோல்: பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நந்நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அவற்றுள் பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றின் அடியாகத் தோன்றும். தறுகண் என்பது அஞ்சாமை. இசைமை என்பது பெரும்பயன் கிடைப்பதாயினும் பழியொடு வருவதைச் செய்யாமை என்றும், கொடை என்பது உடம்பும் உயிரும் உறுப்பும் உட்பட எப்பொருளையும் வழங்குதல் என்றும் உரைமரபு விளக்குகிறது.

இவ்விளக்கம் மீத்திறன் நாயகனை மதிப்பிட மிகவும் பொருந்துவது. வலிமை மட்டுமே பெருமிதமாகாது என்பதை இது தெளிவுபடுத்துகிறது. நான்கனுள் தறுகண் ஒன்றே போர்க்களத்திற்கு உரியது. இசைமையும் கொடையும் அறத்தின்பாற்படுவன. மெய்ப்பாடு செய்யுளுறுப்பாகக் கூறப்படினும், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதலையே அது குறிப்பதாலும், உரையாசிரியர்கள் அதனைக் கூத்தோடு இயைத்தே விளக்குவதாலும் திரை நடிப்புக்கு அதனைப் பொருத்துதல் தகும்.

‘எந்திரன்’: ஈட்டி, இழந்து, மீட்ட பெருமிதம்

2010 அக்டோபர் 1 அன்று வெளியான ‘எந்திரன்’ படத்தில் ரஜினிகாந்த் அறிவியலாளர் வசீகரனாகவும் அவர் படைத்த சிட்டியாகவும் இருவேடம் ஏற்றார். அப்போது அவருக்கு அகவை 59. தாடியும் கண்ணாடியும் தாழ்ந்த குரலும் கொண்ட வசீகரனுக்கு எதிராக, சிட்டி நேர்கோட்டு அசைவும் ஏற்ற இறக்கமற்ற குரலும் உடையவனாக அறிமுகமாகிறான். தலை திரும்பிய பின்னரே உடல் திரும்புகிறது. சொல்லுக்கும் முகத்துக்கும் தொடர்பில்லை. பல்லாண்டுகளாகத் தமக்கு அடையாளமாக இருந்த விரைவையும் கையசைவுகளையும் நடிகர் இங்கு முற்றிலும் அடக்கிவைக்கிறார். இவ்வடக்கமே பின்வரும் மாற்றங்கள் புலப்படுவதற்கு அடித்தளமாகிறது.

சிட்டியிடம் முதலில் இருப்பது கல்வி. எந்நூலையும் நொடியில் உள்வாங்குகிறான். ஆயின் அக்கல்வி உணர்வறியாதது. தீப்பற்றிய குடியிருப்பிலிருந்து, குளித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணை ஆடையற்ற நிலையிலேயே ஊரார்முன் தூக்கிவருகிறான். நாணம் தாங்காமல் ஓடும் அப்பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். தறுகண் நிறைந்த செயல் இழவில் முடிகிறது. இக்காட்சியில் சிட்டியின் முகம் மாறுவதேயில்லை. காண்போர்க்குத் துயரம் தருவது அம்மாறாமையே.

இதன் விளைவாக வசீகரன் சிட்டிக்கு உணர்வைக் கற்பிக்கிறார். இங்கிருந்து நடிப்பு படிப்படியாக நெகிழ்கிறது. கழுத்து வளைகிறது, குரலில் தயக்கம் நுழைகிறது, புன்னகை பிறக்கிறது. சனாவைக் கடித்த கொசுவைத் தேடிச் செல்லும் காட்சி நகைக்குரியது. காதலின் பேதைமையை எந்திரத் துல்லியத்தோடு நடிப்பதால் விளையும் நகை அது. காதல் மறுக்கப்பட்டுச் சிதைக்கப்பட்டுக் குப்பையில் எறியப்படும்போது நகை அழுகையாகிறது.

சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட பிறகு தோன்றும் இரண்டாம் பதிப்புச் சிட்டியிடம் நடிகர் அதுவரை அடக்கியவை அனைத்தும் கட்டவிழ்கின்றன. தன் படையினருக்குள் மாறுவேடத்தில் புகுந்த வசீகரனைத் தேடும்போது ஆட்டின் குரலை எழுப்பிக் கேலி செய்யும் காட்சி, ‘மூன்று முடிச்சு’ (1976), ‘16 வயதினிலே’ (1977) போன்ற படங்களில் அவர் ஏற்ற எதிர்நிலைப் பாத்திரங்களின் நினைவை எழுப்புவது. பழியஞ்சாமல் கொல்லும் இந்நிலையில் சிட்டி இழப்பது இசைமை.

இறுதியில் சில்லு அகற்றப்பட்டு நீதிமன்ற ஆணை வந்தபின், சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறான். உடம்பையும் உறுப்பையும் வழங்குதலே கொடை என்னும் உரைவிளக்கத்திற்கு இதனினும் நேரான திரைச்சான்று காண்பது அரிது. உடல் குறையக் குறைய நடிப்பதற்குக் குரலும் முகமுமே எஞ்சுகின்றன; அவற்றாலேயே பெருமிதம் மீட்கப்படுகிறது. கல்வியில் தொடங்கி, இசைமையை இழந்து, கொடையில் முடியும் இவ்வியக்கம் செயல்நிலைக்கு உரியது. நாயகன் தன் செயலுக்கு விடை சொல்ல வேண்டியவன் என்பதும் இதனால் நிறுவப்படுகிறது.

‘2.0’: அழைக்கப்பட்ட திருவுரு

2018 நவம்பர் 29 அன்று முப்பரிமாணத்தில் வெளியான ‘2.0’ படத்தில் கைபேசிகள் பறந்து மறைகின்றன. பெரும்பறவையாகத் திரண்டு கொல்கின்றன. எதிர்க்க வழியற்ற நிலையில் அருங்காட்சியகத்துச் சிட்டி மீண்டும் இயக்கப்படுகிறான். இங்கு அவன் கற்பதற்கு எதுவுமில்லை; காதலும் இல்லை; ஐயமும் இல்லை. காண்போர் 2010இன் நினைவோடு அவன் வருகைக்குக் காத்திருக்கின்றனர். எருமைத்தலை மீது நிற்கும் துர்க்கையைப் போலவே அவன் வருகையே நிகழ்வாகிறது.

67ஆம் அகவையில் இவ்வேடத்தை மீண்டும் ஏற்ற நடிகரிடம் ஆற்றல் குறைந்தது என்று கூறுவதற்கில்லை. பட்சிராஜனின் ஆற்றல் வசீகரனின் உடலில் புகும் பகுதி இதற்குச் சான்று. அங்கு ரஜினிகாந்த், வேறொரு நடிகரான அக்ஷய் குமார் உருவாக்கிய சினத்தைத் தம் உடலில் ஏற்றுக் காட்டுகிறார். எதிரே நிற்கும் சிட்டி தன்னைப் படைத்தவரின் உடல்மீது கைவைக்க இயலாமல் சிதைக்கப்படுகிறான். இசைமை மீண்டும் தலைகாட்டும் இடம் இதுவொன்றே.

ஆயின் படம் அத்தடுமாற்றத்தை வளர்க்கவில்லை. உதவி எந்திரமான நிலா சிவப்புச் சில்லைப் பொருத்தியதும் இரண்டாம் பதிப்பு திரும்புகிறது. முதற்படத்தில் வீழ்ச்சியின் அடையாளமாக இருந்த அதே சிரிப்பும் அதே உடல்மொழியும் இங்கு வெற்றியின் அடையாளமாகக் கொண்டாடப்படுகின்றன. தொடர்ந்து புறாக்களின் மீது ஏறிவரும் 3.0 குறுவுருக்கள், பட்சிராஜனின் பறவைப் பாசத்தையே அவனுக்கு எதிரான கருவியாக்குகின்றன. பழியொடு வரும் வெற்றி இது. எனினும் இதற்கு நீதிமன்றம் இல்லை, கழற்றிவைத்தல் இல்லை. தறுகண் ஒன்றே பெருமிதத்தின் முழு இடத்தையும் நிரப்பிவிடுகிறது.

கிறிஸ்டோபர் ரீவ் நடித்த ‘சூப்பர்மேன்’ (1978), ‘சூப்பர்மேன் II’ (1980) ஆகியவற்றோடு ஒப்பிடின் இது மேலும் விளங்கும். அங்கு இரண்டாம் படமே நாயகனைக் காதலுக்காகத் தன் ஆற்றலைத் துறக்கச் செய்து, அத்துறவின் விளைவை அவன் மேல் சுமத்துகிறது. தொடர்படமாக இருத்தல் ஒன்றே நாயகனைத் திருவுருவாக உறையச் செய்வதில்லை. உறைதல் கதையாக்கத்தின் தேர்வு என்பது இதனால் பெறப்படும்.

இடம்பெயர்ந்த வெகுளி

‘2.0’ படத்தில் மெய்ப்பாட்டு இயக்கம் இல்லாமற் போகவில்லை, இடம்பெயர்ந்துள்ளது. பறவையியலாளர் பட்சிராஜன், கைபேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிவதாக முறையிட்டு, எங்கும் கேட்பாரற்று, கோபுரம் ஒன்றிலேயே தூக்கிட்டு இறக்கிறார். அழுகைக்குரிய இழவும் இளிவும் அவருடையவை. வெகுளிக்குத் தொல்காப்பியர் கூறும் களன்களுள் சார்ந்தோர்க்குக் கேடு சூழ்தலாகிய குடிகோளும் கொலையும் அடங்கும். பறவைகளையே தம் சுற்றமாகக் கொண்ட பட்சிராஜனின் சினம் இவ்விரண்டின் அடியாகவும் பிறப்பது. தளர்ந்த முதியவர் நிலையிலிருந்து உலோகச் சிறகுடைய உருவம் வரை அக்ஷய் குமாரின் நடிப்பில் அமையும் படிநிலை, ‘எந்திரன்’ படத்தில் சிட்டிக்கு வாய்த்த படிநிலையை ஒத்தது.

மாமல்லபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலவியலில் இவ்வெகுளி தனிப்பொருள் பெறுகிறது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள திருக்கழுக்குன்றத்திற்குப் பட்சி தீர்த்தம் என்றும் பெயருண்டு. அங்கு நண்பகலில் மலைமீது வந்து அமுதுண்ட இரு வெண்கழுகுகளின் வருகை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நின்றுபோயிற்று. அதே மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரிப் பறவைகளைப் பிறர் சுடாதிருக்க 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் காப்புரிமை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. பறவைக்காக முறையிட்டவர் செவிசாய்க்கப்பட்ட வரலாறும், பறவை வாராதொழிந்த வரலாறும் ஒரே மாவட்டத்தில் உள்ளன.

இங்கு ஒரு வரையறை தேவை. கைபேசி அலைகள் பறவைகளை அழிக்கின்றன என்னும் படத்தின் கூற்று அறிவியலால் உறுதிசெய்யப்பட்டதன்று. தெற்காசியப் பாறுக் கழுகுகளின் பெருவீழ்ச்சிக்குக் கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோபினாக் மருந்தே முதன்மைக் காரணம் என நிறுவப்பட்டு, 2006இல் இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டில் அது தடைசெய்யப்பட்டது. எனினும் காரணம் பிழையாயினும் இழப்பு மெய். மெய்யான இழப்பிற்காகச் சினப்பவரை அழிப்பதே நாயகனின் பணியாக அமைவதால், நாயகனுக்கு அறத்தடுமாற்றம் வேண்டியிருந்தது. திருவுருவாக வந்தவனுக்கு அதனை நடிக்க இடமில்லை.

முடிவுரை

மகிடாசுரமர்த்தினி மண்டபச் சிற்பி, தோற்கப்போகும் அசுரனுக்கும் குடையும் கதையும் தந்து நிற்கச் செய்தான். அதனால் துர்க்கையின் பெருமிதம் கூடியதேயன்றிக் குறையவில்லை. இருவரும் ஒரே நிகழ்வில் இயங்குகின்றனர். ‘2.0’ இரு நிலைகளையும் ஒரே காட்சியில் கலக்கிறது. எதிர்நாயகன் செயல்நிலையில் பொருதுகிறான். நாயகன் திருவுருநிலையில் நிற்கிறான். காண்போரின் கண் வெற்றியாளனிடமும் நெஞ்சு வீழ்ந்தவனிடமும் பிரிந்து நிற்பதற்கு இதுவே காரணம். வெற்றிக்குப் பின் வசீகரனே பட்சிராஜனின் நோக்கத்தை ஏற்றுப் பேச நேர்வதும் இப்பிளவை உறுதிசெய்கிறது.

ஆகவே, இரு படங்களுக்கிடையே உள்ள வேறுபாடு நடிகரின் திறன் வேறுபாடு அன்று. ‘எந்திரன்’ கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கையும் நடிக்க வைத்தது. ‘2.0’ ஒன்றை மட்டுமே நடிக்க வைத்தது. மீத்திறன் நாயகனின் பெருமை அவன் எதிரியை வெல்வதில் முடிந்துவிடுவதில்லை. வென்ற பின்னும் தன் செயலுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருப்பதில் உள்ளது. தன் கைகளைத் தானே கழற்றிவைத்த சிட்டி அதனை உணர்த்தினான். பறவையரசனை வென்ற சிட்டிக்கு அவ்வாய்ப்பு அளிக்கப்படவில்லை. மெய்ப்பாட்டியல் நிலைக்களன்களைக் கொண்டு பிற தமிழ்த் தொடர்படங்களையும் இவ்வாறு ஆராய்தல் பயன்தரும்.