ஆவலும் அச்சமும்

நுழையும்முன்

நன்மையை நாடவும் தீங்கை விலக்கவும் உயிர்கள் பழகிக்கொள்கின்றன. அப்பழக்கம் மூளையில் பதியும் முறையையும், அதனை அறியப் பெங்களூரு ஆய்வகங்கள் ஆற்றிய பணியையும் இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு ஓசைகள்

உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தவிட்டு வாளியின் ஓசை கேட்டதும் கட்டுத்தறியில் நிற்கும் பசு தலையைத் திருப்பும். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் ஒருமுறை அடிபட்டுப் பிழைத்த நாயோ, லாரியின் ஒலிப்பானைக் கேட்டதும் பதுங்கும். ஓசை தன்னளவில் தீனியுமன்று, தீங்குமன்று. ஆயினும், ஓசையை அடுத்து வருவது யாது என்பதை இவ்விலங்குகளின் மூளை கற்றுவைத்திருக்கிறது.

நன்மையைக் கற்றல்

1954ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்சும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மின்முனையைப் பொருத்தினர். நெம்புகோலை அழுத்தினால் மூளையின் ஒரு பகுதி தூண்டப்படும். உணவோ நீரோ கிடைக்காதபோதும் எலிகள் அதனை மீண்டும் மீண்டும் அழுத்தின.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. குரங்குகளிடம் அவற்றை ஆராய்ந்த வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை விரைந்து துடிப்பதைக் கண்டார். பழகியபின் அவை சாற்றுக்குத் துடிக்கவில்லை. சாற்றை முன்னறிவிக்கும் குறிக்கே துடித்தன. குறி தோன்றியும் சாறு வராதபோது துடிப்புத் தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் நிகழ்வுக்கும் உள்ள வேறுபாடே கற்றலைத் தூண்டுகிறது என்பது இதன் பொருள்.

இத்தகைய மின்தூண்டலைத் தாமே தேடிப் பெற்ற எலிகளின் மூளையில் நரம்பணுக் கிளைகள் பெருகியிருந்ததைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டனர்.

தீங்கைக் கற்றல்

பாதாம்பருப்பின் வடிவுடைய அமிக்டலா என்னும் பகுதியில் ஓசைச்செய்தியும் வலிச்செய்தியும் வந்து கூடுகின்றன. இரண்டும் ஒருசேர வந்தபின், ஓசை மட்டுமே உடலை உறையச் செய்யவும் நெஞ்சைப் படபடக்கச் செய்யவும் போதுமானதாகிறது.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியும் அவர்தம் குழுவினரும் எலிகளை நாள்தோறும் 2 மணிநேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைத்து ஆராய்ந்தனர். நினைவுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ அவை வளர்ந்தன. 2002இல் வெளிவந்தது இம்முடிவு. தொடர் ஆய்வில் 21 நாள் ஓய்வளித்தபின் ஹிப்போகாம்பஸ் முன்னிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சி குறையவில்லை. எலிகளின் பதற்றமும் நீங்கவில்லை.

அச்சம் தணிதல்

தீங்கின்றி ஓசை மட்டும் பலமுறை கேட்டால் அச்சம் தணியும். ஆயினும் பழைய நினைவு அழிந்துவிடுவதில்லை. ‘இவ்வோசை தீங்கற்றது’ என்னும் புதிய பாடம் அதன்மேல் கற்கப்படுகிறது. முன்மூளைப் புறணி அமிக்டலாவை அடக்கி அதற்குத் துணைபுரிகிறது. எனவேதான் தணிந்த அச்சம் மீண்டும் தலைதூக்குவதுண்டு. அடித்துப் பழக்கிய விலங்கை ஒருநாள் அன்பால் மாற்றிவிட இயலாது. பலநாள் பொறுமை வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டு விலங்கு ஒன்று எக்குறியைக் கண்டு நெருங்குகிறது, எதனைக் கண்டு விலகுகிறது என ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.
2. ‘அச்சம் கற்பிக்குமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.