டான்சில் சொல்லும் சேதி

கேள்வி: தடுப்பூசியை மனிதருக்குப் போடாமலே, மனித உடல் அதை எப்படி எதிர்கொள்ளும் என்று அறிய முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டு வழக்கமாக வீணாகப் போகும் டான்சில், நோய் எதிர்ப்புச் செல்கள் மண்டிய நிணநீர்த் திசு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லிசா வாகர், மார்க் டேவிஸ் குழுவினர் அதைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, நுண்துளைச் சவ்வின்மேல் நெருக்கமாக வளர்த்தனர். சில நாட்களில் செல்கள் தாமாகவே மீண்டும் திரண்டன. 2021இல் வெளியான அந்த ஆய்வில், ஃப்ளூ தடுப்பூசியைச் சேர்த்ததும் பி செல்கள் எனும் எதிர்ப்புச் செல்கள் ஆன்டிபாடிகளைச் சுரந்தன. கிருமியைப் பற்றும் ஆன்டிபாடிகளின் திறனும் கூடியது. எலிகளை மட்டும் நம்பியிருந்தால் மனிதச் செல்களின் இந்த எதிர்வினை நேரடியாகத் தெரிந்திராது. ஒரே நபரின் திசுவைப் பல கிண்ணங்களில் பிரித்து வெவ்வேறு தடுப்பூசிகளை ஒப்பிடவும் செய்யலாம். ஆனால் தடுப்பூசியால் காய்ச்சல் வருமா, பாதுகாப்பு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதையெல்லாம் கிண்ணம் சொல்லாது. அதற்கு மனிதர்களிடம் நடத்தும் பரிசோதனைதான் வேண்டும்.