மேப்பிள் சாற்றுக்கு எவ்வளவு பெரிய தாங்கி வேண்டும்?

ஒன்ராறியோவின் கிழக்குப் பக்கத்தில், லனார்க் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேப்பிள் தோப்பு இருக்கிறது. ஆறு வருடங்களாக அதில் பாணி காய்ச்சுகிறோம். சாறு வடிய மரங்களில் போட்ட 350 துளைகள், ஒரு காய்ச்சும் கொட்டில், நானும் மனைவியும், விடுமுறையில் வந்து கைகொடுக்கும் பிள்ளைகள். தொழிலாகச் செய்கிறவர்களோடு பார்த்தால் இது சின்னத் தோப்புதான். இதைத் தொடங்க நினைக்கும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த அளவுக் கொப்பரை, விறகா எண்ணெயா என்று. சாற்றை எங்கே ஊற்றி வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நான் இழந்ததெல்லாம் அந்த இடத்தில்தான்.

முதல் வருடம் நான் போட்ட கணக்கு இது. குழாய் வழியே தானாக இறங்கும் சாறு, பருவம் முழுவதற்கும் துளைக்கு 40 லிட்டர் அளவில் கிடைக்கும். 350 துளைக்கு 14,000 லிட்டர். பருவம் 30 நாள். ஒரு நாளுக்கு 470 லிட்டர்கூட வராது. ஆகவே 1,000 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி, இரும்புக் கூட்டுக்குள் இருக்குமே அந்தச் சதுரத் தாங்கி, ஒன்று இருந்தால் இரண்டு நாளுக்குக் காணும் என்று நினைத்தேன்.

காகிதத்தில் பிழையே இல்லை. ஆனால் மேப்பிள் மரம் சராசரிக்குச் சாறு தருவதில்லை. இரவில் பூச்சியத்துக்குக் கீழே போய், பகலில் மேலே வரவேண்டும். உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது, உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, துளை வழியே சாற்றைத் தள்ளுகிறது. அந்த ஏற்ற இறக்கம் சரியாக அமையும் நாட்கள் எங்கள் தோப்பில் ஒரு பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான். மற்ற நாட்களில் ஒன்றில் எல்லாம் உறைந்து கிடக்கும், அல்லது சொட்டுச் சொட்டாக வரும். முப்பது நாளுக்கென்று நான் பரப்பிப் போட்ட சாறு, உண்மையில் அந்தப் பத்து நாளுக்குள் திரண்டு வருகிறது. அவற்றிலும் இரண்டு நாள் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

அப்படியொரு நாள் மார்ச் மூன்றாம் வாரத்தில் வந்தது. பகலில் நல்ல வெயில். இரவு உறையும் என்று வானிலை அறிக்கை சொன்னது, ஆனால் இரண்டு பாகைக்குக் கீழே இறங்கவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இரவு பதினொரு மணிக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு போனேன். தாங்கியின் மூடி விளிம்பிலிருந்து சாறு தகடாக வழிந்து, கீழே பனியைக் கரைத்து, முழங்கை அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. வாளி, குளிர்பெட்டி, பொங்கல் பானை என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தோம். எல்லாம் அரை மணித்தியாலத்தில் நிரம்பிவிட்டன. விடியும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். 1,500 லிட்டருக்குக் குறையாமல் நிலத்தில் போனது. 86ஐச் சாற்றின் இனிப்பு வீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாணிக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று தெரியும். இங்கே எல்லாரும் கையில் வைத்திருக்கும் வாய்பாடு அது. இரண்டு வீதம் என்றால் 43. அந்த ஒரு இரவில் போனது கிட்டத்தட்ட 35 லிட்டர் பாணி.

ஆகவே முதல் விஷயம்: மிக நல்ல ஒரு நாளை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். துளைக்கு ஏறத்தாழ 8 லிட்டர் என்று இங்கே பழையவர்கள் சொல்வார்கள். 350 துளைக்கு 2,800 லிட்டர். வாக்குவம் பம்ப் போட்டு இழுப்பவர்கள் அதற்கும் மேலே வைக்கவேண்டும், ஏனென்றால் உறையாத இரவிலும் பம்ப் சாற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். பருவக் கடைசியில் இனிப்பும் குறையும். எங்கள் மரங்களில் தொடக்கத்தில் 2.2 வீதம் இருப்பது கடைசியில் 1.6க்கு இறங்கிவிடும். அதே ஒரு லிட்டர் பாணிக்கு 39 லிட்டருக்குப் பதிலாக 54 லிட்டர் சாற்றை வைத்துக்கொள்ள இடம் வேண்டியிருக்கும்.

அடுத்த வருடம் 4,000 லிட்டர் தாங்கி ஒன்று வாங்கினேன். இனிக் கவலையில்லை என்று நினைத்ததுதான் என்னுடைய இரண்டாவது பிழை, முதலாவதைவிடப் பெரியது. அப்போது நான் நகரத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதன்கிழமை வந்த சாற்றைச் சனிக்கிழமை காய்ச்சலாம், இடம்தான் இருக்கிறதே என்று விட்டேன். வெள்ளியன்று பகல் வெப்பம் 14 பாகைக்குப் போனது. சனி காலை மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, சாறு அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு. ஒருக்கா மணந்து பாருங்கோ.”

புளித்த மணம். உள்சுவரில் கையை வைத்தால் வழுவழுத்தது. மனம் கேட்காமல் காய்ச்சினேன். பாணி கறுத்து வந்தது. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டது. பாக்டீரியா பெருகினால் சாற்றிலுள்ள சர்க்கரையை உடைத்துவிடும், அது காய்ச்சும்போது நிறத்தைக் கறுக்க வைக்கும், முற்றிப்போனால் இப்படி நூலாகும். ஒரு நாள் முழுக்க எரித்த விறகும் வீண், பாணியும் வீண்.

நான் வளர்ந்த ஊரில், பனையிலிருந்து கருப்பணி (புளிக்காத பதநீர்) இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவாமல் மரத்தில் கட்டமாட்டார்கள். தடவாவிட்டால் காலையில் இறக்குவது கள்ளாகத்தான் இருக்கும். அதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். மேப்பிள் சாற்றில் எதையும் கலக்க முடியாது. அதைக் காப்பது குளிர் ஒன்றுதான். நாலு பாகைக்குக் கீழே இருந்தால் ஓரிரு நாள் தாங்கும். பத்துக்கு மேலே போனால் அன்றைக்கே காய்ச்சிவிட வேண்டும்.

பக்கத்துக் காணியில் பாற்பண்ணை நடத்திய ஒரு முதியவர் இருக்கிறார். நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்டார்: “உம்முடைய தாங்கி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை விடும். அதைக் காலியாக்க எத்தனை மணித்தியாலம் எடுக்கும்?” அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தேன். எங்களுடைய கொப்பரை இரண்டடிக்கு ஆறடி. மணித்தியாலத்துக்கு 110 லிட்டர் வற்றவைக்கும். 2,800 லிட்டரை முடிக்க இருபத்தைந்து மணித்தியாலத்துக்கு மேல். அதற்குள் அடுத்த நாள் ஓட்டம் வந்துவிடும். தாங்கியை எவ்வளவு பெரிதாக்கினாலும் நான் வாங்கிக்கொண்டிருந்தது பழுதாவதற்கான அவகாசத்தை மட்டும்தான்.

அதனால் மூன்றாம் வருடம் பணத்தைத் தாங்கியில் போடாமல், சவ்வு வழியே நீரைப் பிரித்தெடுக்கும் சிறிய ஆர்.ஓ. இயந்திரத்தில் போட்டோம். இரண்டு வீதச் சாற்றை எட்டு வீதமாக்கினால் நீரில் முக்கால்வாசி போய்விடும். 2,800 லிட்டர் 700 ஆகிறது. ஆறரை மணித்தியாலத்தில் காய்ச்சி முடிகிறது. ஆனால் செறிவான சாறு சாதாரணச் சாற்றைவிட விரைவாகப் பழுதாகும். அதைச் சேர்த்து வைக்கவென்று தாங்கி வாங்காதீர்கள், கொப்பரைக்கு மேலே ஒரு சிறிய தொட்டி போதும், இயந்திரத்திலிருந்து நேரே அடுப்புக்குப் போகட்டும். பிரிந்துவரும் நீருக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சவ்வைக் கழுவ அந்த நீர்தான் நல்லது. நாங்கள் 400 லிட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவோம்.

4,000 லிட்டர் தாங்கியை விற்றுவிட்டோம். இப்போது இருப்பவை இரண்டு: ஒரு பண்ணையில் கழித்த 2,000 லிட்டர் பால் தாங்கியும், 1,400 லிட்டர் எவர்சில்வர் தாங்கியும். ஒன்றாக இருந்ததைவிட இரண்டாக இருப்பது எவ்வளவோ மேல். நேற்றைய சாற்றின் மேல் இன்றைய சாற்றை ஊற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். ஒன்றைக் காய்ச்சிக் கழுவும்போது மற்றது நிரம்பிக்கொண்டிருக்கும். பால் தாங்கியின் அடி சரிவாக இருப்பதால் கடைசிச் சொட்டுவரை வடிகிறது, உள்ளே கை விட்டுத் தேய்க்க முடிகிறது. பழைய சதுர பிளாஸ்டிக் தாங்கியின் மூலைகளுக்குள் கை எட்டாது. அப்படியானதைப் பழசாக வாங்குவதாக இருந்தால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்ததில் சவர்க்கார மணம் இருந்தது, இரண்டு வாரம் கழுவியும் போகவில்லை. ஈயப் பற்றுவைத்த பழைய தகரத் தாங்கிகள் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். கொட்டிலின் வடக்குப் பக்கம், வெயில் படாத இடம். நாங்கள் சுற்றிவரப் பனியை அள்ளி இடுப்புயரம் அணைத்து வைக்கிறோம், ஏப்ரல் முதல் கிழமைவரை அது சாற்றைக் குளிராக வைத்திருக்கிறது. கொப்பரையைவிட உயரத்தில் வைத்தால் பம்ப் இல்லாமலே சாறு இறங்கும். ஆனால் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 2,000 லிட்டர் இரண்டு தொன். மார்ச்சில் இங்கே நிலம் இளகிச் சேறாகும். சீமெந்துக் கல் நாலை அடுக்கி அதன்மேல் வைத்த என்னுடைய பெரிய தாங்கி ஒரு பக்கம் நாலு அங்குலம் சாய்ந்தது. இப்போது ஒன்றரை அடி தோண்டிச் சல்லி போட்டு, அதன்மேல் மரச்சட்டம் வைத்திருக்கிறோம். இரவில் வால்வுக்குள் சாற்றை நிற்கவிடாதீர்கள், உறைந்தால் வெடிக்கும். தாங்கிக்குள் மேலே பனிக்கட்டி படர்ந்தால் பயப்படவேண்டாம், எடுத்து வீசிவிடலாம். கட்டியில் இனிப்புக் குறைவு, கீழே நிற்கும் சாற்றில் கூடுதல். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான அனிஷினாபே மக்கள் ஆழமற்ற பாத்திரங்களில் சாற்றை உறையவிட்டு, மேலே படர்ந்த கட்டியை எடுத்தெறிந்து செறிவாக்கியிருக்கிறார்கள். அவர்கள் பாணியோடு நிற்காமல் சர்க்கரையாகவே காய்ச்சிப் பூர்ச்ச மரப்பட்டைக் கூடைகளில் வைத்தார்கள். அது வருடம் முழுக்க இருக்கும்.

கியூபெக்கில் உற்பத்தியாளர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து பீப்பாய் பீப்பாயாகப் பாணியைச் சேமித்து வைக்கிறார்கள். விளையாத வருடத்துக்கு அதைத் திறப்பார்கள். சாற்றை அப்படி வைக்க யாராலும் முடியாது.

எங்கள் தாங்கிகளின் உட்பக்கத்தில் நூறு லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். நல்ல ஓட்டம் வரும் நாளில் மணிக்கு ஒருமுறை எந்தக் கோடு என்று பார்த்து, வெப்பநிலையோடு கொப்பியில் எழுதுகிறோம். நான்கு வருடக் குறிப்பு சேர்ந்துவிட்டது. இதுவரை வந்ததில் பெரிய நாள் 2,950 லிட்டர்.

இந்த வருடம் அந்த முதியவர் தன் காணியிலும் 150 துளை போடச் சொல்லிக் கேட்டார். மரங்கள் நல்ல மரங்கள், எனக்கும் ஆசைதான். கொப்பியை விரித்து அவருக்குக் காட்டினேன். 500 துளைக்கு 4,000 லிட்டர், எங்களிடம் இருப்பது 3,400. வடக்குப் பக்கத்தில் மூன்றாவது தாங்கிக்கு இடம் அளந்து, நாலு மூலைக்கும் கட்டை அடித்திருக்கிறோம். இலையுதிர் காலத்தில், நிலம் இறுகுமுன், சல்லி போடவேண்டும்.