ரக்பி அணியோடு நியூசிலாந்து போகும் பிள்ளைக்கு

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ பாடசாலை அணி நியூசிலாந்து புறப்படுகிறதென்றால், முதலில் கவனிக்க வேண்டியது சப்பாத்து. அடியில் ஒட்டிய மண்ணையும் புல்விதையையும் அந்நாடு லேசில் விடாது. பழைய பல் பிரஷால் ஸ்டட்களின் இடுக்கு வரை தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பெட்டியில் மேலாக வையுங்கள். கழுவியாயிற்றே என்று இருந்துவிடாமல், பாவித்த விளையாட்டுச் சப்பாத்து இருப்பதை வருகைப் படிவத்திலும் குறிப்பிட வேண்டும். அம்மா கட்டிக்கொடுத்த மாசிச் சம்பலுக்கும் இதே விதிதான். சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விழலாம். சொல்லிவிட்டால், போனாலும் சம்பல் மட்டும்தான் போகும்.

ஜூலையில் அங்கே குளிர்காலம். உள்ளே போட வெப்ப பனியன் குறைந்தது இரண்டு வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்.

மைதானத்தில் காயம்பட்டால், வெளிநாட்டவரின் சிகிச்சைச் செலவுக்கும் அந்நாட்டின் ஏசிசி என்ற விபத்து இழப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். காய்ச்சலும் விமானச் சீட்டை மாற்றும் செலவும் அதில் அடங்கா. ஆகவே காப்புறுதி எடுங்கள். ரக்பிக் காயம் அதில் சேருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி களமிறங்கக் கூடாது. “ஒன்றுமில்லை சேர்” என்று பிள்ளை சொல்வதை நம்பவே வேண்டாம்.

எதிரணி ஹாக்கா என்ற மாவோரி நடனம் ஆடினால் சிரிக்காமல், நேராக நின்று பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.