பிரிந்து சென்று சேரும் செய்தி

நுழையும்முன்

திரையைத் தொட்ட சில நொடிகளில் நாம் அனுப்பிய நிழற்படம் கடல் கடந்து சென்றுவிடுகிறது. அது முழுமையாக, ஒரே வழியில் செல்வதாகவே நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது பல துண்டுகளாகப் பிரிந்தே செல்கிறது. சில துண்டுகள் வழியில் தொலைந்துபோவதும் உண்டு. ஆயினும், சேருமிடத்தில் ஒரு புள்ளியும் குறையாமல் படம் தெரிகிறது. இழப்பு நேரும் என்பதை முன்னரே எண்ணி அமைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை அறிவோம்.

இணைப்பும் இசைவும்

தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகளை இணைக்கும் அமைப்பே கணினி வலையமைப்பு. பள்ளியின் கணினி ஆய்வகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு கம்பி புறப்பட்டு, ஸ்விட்ச் எனப்படும் இணைப்புப் பெட்டியைச் சென்றடைகிறது. வரும் தரவு எந்தக் கணினிக்கு உரியதோ அதற்கு மட்டும் அதனை அனுப்புவது இப்பெட்டியின் பணி. ஒரு கட்டடத்திற்குள் அமையும் இத்தகைய இணைப்பு, குறும்பரப்பு வலையமைப்பு எனப்படும். ஊர்களையும் நாடுகளையும் இணைப்பது அகல்பரப்பு வலையமைப்பு. இவ்வாறான வலையமைப்புகள் அனைத்தும் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட பெருவலையே இணையம்.

கம்பியால் இணைத்துவிட்டால் மட்டும் கணினிகள் பேசிக்கொள்வதில்லை. ஒரு நிறுவனத்தின் கணினி அனுப்புவதை வேறொரு நிறுவனத்தின் கணினி புரிந்துகொள்ள இரண்டுக்கும் பொதுவான விதிகள் வேண்டும். அவ்விதிகளின் தொகுப்பே நெறிமுறை. கம்பி, உடல், நெறிமுறை, உயிர்.

இரண்டு எழுத்துகளில் தொடங்கிய வரலாறு

முற்காலத் தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கென ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் பேசாதிருக்கும் நேரத்திலும் அதனைப் பிறர் பயன்படுத்த இயலாது. தடம் அறுந்தால் பேச்சும் அறுந்துவிடும். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பினால், ஒரே தடத்தில் பலருடைய துண்டுகளும் மாறிமாறிச் செல்லலாமே என்ற எண்ணம் 1960களில் அமெரிக்காவின் பால் பாரனுக்கும் இங்கிலாந்தின் டொனால்டு டேவிசுக்கும் தனித்தனியே தோன்றியது. அத்துண்டுக்குப் பொதி எனப் பொருள்படும் 'பாக்கெட்' என்ற பெயரைச் சூட்டியவர் டேவிசு.

இம்முறையில் அமைந்த அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில், 1969 அக்டோபர் 29 அன்று முதல் செய்தி அனுப்பப்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாசு ஏஞ்சல்சு வளாகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்திற்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றனர். எல், ஓ என்னும் இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. பழுதைச் சரிசெய்து, அன்றிரவே முழு இணைப்பையும் பெற்றனர். 1974இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர் வெவ்வேறு வலையமைப்புகளை இணைக்கும் பொது நெறிமுறையை வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த டி.சி.பி., ஐ.பி. ஆகிய நெறிமுறைகளுக்கு 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் மாறியது. அவையே இன்றைய இணையத்தின் அடித்தளம்.

தெரிந்துகொள்வோம்: இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது.

பொதியும் வழியும்

முப்பது இலட்சம் பைட்டு அளவுள்ள ஒரு நிழற்படத்தை மதுரையிலிருந்து அந்தமானுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு பொதியில் பொதுவாக 1,500 பைட்டுகள்வரை அடங்கும். எனவே, படம் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பொதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண், பிழையைக் கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண் ஆகியன இடம்பெறுகின்றன.

பொதிகளுக்கு வழிகாட்டுவது திசைவி என்னும் கருவி. வீடுகளில் நாம் ரவுட்டர் என்று அழைப்பது இதன் சிறிய வடிவமே. உலகின் எல்லா வழிகளையும் எந்தத் திசைவியும் அறிந்திருப்பதில்லை. அஞ்சல் குறியீட்டெண்ணை எண்ணிப் பாருங்கள். தில்லியில் கடிதங்களைப் பிரிப்பவர் நம் தெருவை அறியமாட்டார். எண் 6இல் தொடங்கினால் அது தென்னகத்திற்குரியது என்று அறிந்து அனுப்பிவிடுகிறார். எஞ்சிய இலக்கங்களை அடுத்தடுத்த நிலையங்கள் பார்த்துக்கொள்கின்றன. திசைவியும் ஐ.பி. முகவரியின் முற்பகுதியைக் கண்டு, அடுத்த திசைவி எது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

ஒரு வழி தடைபட்டால் திசைவிகள் வேறு வழியைத் தேர்கின்றன. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடி வடங்கள் அறுபட்டபோது இந்தியாவில் இணைய வேகம் பெரிதும் குறைந்தது. ஆயினும் இணையம் அடியோடு நின்றுவிடவில்லை. மேற்கே செல்லவேண்டிய பொதிகள் கிழக்கு வழியாகத் திருப்பப்பட்டன.

வழி தவறிய பொதி முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருந்தால் வலையமைப்பே திணறிவிடும். அதனைத் தவிர்க்க, ஒவ்வொரு பொதிக்கும் வாழ்நாள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் அவ்வெண் ஒன்று குறையும். சுழியமானதும் பொதி கைவிடப்படும்.

தொலைந்ததை மீட்டல்

கைவிடப்பட்ட பொதியின் நிலை என்ன? முன்பு பதிவு அஞ்சலுக்கு ஒப்புகை அட்டை வந்ததைப் போல, பெற்ற பொதிகளுக்குப் பெறும் கணினி ஒப்புகை அனுப்புகிறது. அதுவரை அனுப்பிய கணினி படியொன்றை வைத்துக் காத்திருக்கிறது. குறித்த காலத்திற்குள் ஒப்புகை வாராவிடில், மீண்டும் அனுப்புகிறது. முன்பின்னாக வந்தவற்றை வரிசை எண்ணைக் கொண்டு பெறும் கணினி ஒழுங்குபடுத்துகிறது.

எல்லாவற்றுக்கும் இம்முறை பொருந்துவதில்லை. நேரலை உரையாடலில் தொலைந்த ஓர் ஒலித்துண்டு பிந்தி வந்து பயனில்லை. ஆகவே, அங்கு மறுபடி அனுப்பாத வேறொரு நெறிமுறை பெரிதும் கையாளப்படுகிறது. பேச்சு இடையே சற்றே சிதைந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலடியில் ஒளி

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. குறிப்பலை மேலே சென்று கீழே வருவதற்கே ஏறக்குறைய கால் நொடி ஆகும். பலர் பகிர்ந்துகொள்ளும் கொள்ளளவும் குறைவு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அவ்வடத்தின் முழு நீளத்தையும் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்கினும் சற்றே மிகுதியான நேரம் போதும். தொலைவிலுள்ள மருத்துவரின் அறிவுரையும் இணையவழி வகுப்பும் தீவு மக்களுக்கு எளிதாவது இத்தகைய இணைப்பினால்தான்.

பொதியின் பாதுகாப்பு

நம் பொதிகள் நாம் அறியாத பலருடைய கருவிகளைக் கடந்தே செல்கின்றன. அவர்கள் படித்துவிடாதபடி செய்தியை மறைபொருளாக்குவது குறியாக்கம். இணைய முகவரியின் தொடக்கத்தில் வரும் 'எச்டிடிபிஎஸ்' என்பது இதனையே குறிக்கிறது. வழியில் பிறர் படிக்க இயலாது என்பதற்கே அஃது உறுதி. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்குச் சான்றன்று. அதனை ஆராய்ந்து அறிவது நம் பொறுப்பு.

முழு வழியையும் அறிந்த தலைமைக் கருவி ஏதுமின்றியே இணையம் இயங்குகிறது. ஒவ்வொரு திசைவியும் தனக்குரிய ஓர் அடியைச் சரியாக எடுத்துவைக்கிறது. பொதுவிதியை எல்லாம் மதிக்கின்றன. தவறே நேராது என்று நம்பாமல், நேர்ந்தால் திருத்திக்கொள்ளும் வழியை முன்னரே வகுத்துக்கொண்டதே இணையத்தின் வலிமை.

கலைச்சொல் அறிவோம்

நெறிமுறை – புரோட்டோகால்
பொதி – பாக்கெட்
திசைவி – ரவுட்டர்
ஒளியிழை வடம் – ஆப்டிகல் ஃபைபர் கேபிள்
குறியாக்கம் – என்கிரிப்ஷன்

கற்பவை கற்றபின்

1. நீண்ட பத்தி ஒன்றைப் பத்துத் தாள்களில் பிரித்தெழுதி, வரிசை எண் இட்டு, வெவ்வேறு மாணவர்கள் வழியாக வகுப்பின் மறுமுனைக்கு அனுப்புக. இரண்டு தாள்களை வழியில் மறைத்துவைத்து, அவற்றை மீட்கும் முறையைக் கண்டறிக.
2. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தின் இணைப்பு அமைப்பை வரைபடமாக வரைக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக
ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் பொதியில் ஒன்று குறைவது
அ) வரிசை எண் ஆ) வாழ்நாள் எண் இ) சரிபார்ப்பு எண் ஈ) முகவரி எண்

குறுவினா
நெறிமுறை என்றால் என்ன?

சிறுவினா
அஞ்சல் குறியீட்டெண்ணையும் ஐ.பி. முகவரியையும் ஒப்பிடுக.

நெடுவினா
பொதிகள் தொலைந்தாலும் செய்தி முழுமையாகச் சேரும் முறையை விளக்குக.