சூப்பர்பெட்: நிரல் கற்போருக்கென அமைந்த சிறு கணிப்பொறி

கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் இரு வகையினர். பிறர் எழுதிய நிரலை இயக்கி விடை பெறுவோர் ஒரு சாரார். நிரலைத் தாமே எழுதுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் வகையினரையும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் கருதி 1981ஆம் ஆண்டில் வெளிவந்த பொறியே சூப்பர்பெட் ஆகும். கமடோர் நிறுவனமும் கானடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக் கழகத்தாரும் இணைந்து இதனை உருவாக்கினர். கற்பிக்கும் கருவிக்குரிய இயல்புகள் யாவை என்பதை இதன் வாயிலாக அறியலாம்.

தேவை எழுந்த வகை

1960ஆம் ஆண்டுகளில் பல்கலைக் கழகங்களில் மாணவர் அனைவருக்கும் பொதுவாகப் பெரிய மையக் கணிப்பொறியே இருந்தது. மாணவர் துளையிட்ட அட்டைகளில் நிரலைப் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருப்பர். ஒரு காற்புள்ளி தவறினும் முயற்சி வீணாகும். மீண்டும் காத்திருத்தல் வேண்டும். இக்குறையை நீக்க எண்ணி, வாட்டர்லூவில் 1965ஆம் ஆண்டு வாட்ஃபார் என்னும் போர்ட்ரான் மொழிபெயர்ப்பு நிரலை இயற்றினர். அது விரைந்து மொழிபெயர்த்ததோடு, பிழையின் தன்மையை மாணவருக்கு விளங்குமாறு எடுத்துரைத்தது. இந்நோக்கமே பின்னர் சூப்பர்பெட்டிலும் தொடர்ந்தது.

பொறியின் அமைப்பு

கமடோரின் பெட் வகைப் பொறிகள் 1977ஆம் ஆண்டு தோன்றியவை. அவற்றிலிருந்த 6502 என்ற செயலியுடன், மோட்டோரோலா நிறுவனத்தின் 6809 என்ற செயலியும் சூப்பர்பெட்டில் சேர்க்கப்பட்டது. எச்செயலி இயங்க வேண்டும் என்பதை ஒரு விசையால் தேர்ந்து கொள்ளலாம். திரையில் வரிக்கு 80 எழுத்துக்களாக 25 வரிகள் தோன்றும். பேசிக், பாஸ்கல், போர்ட்ரான், ஏ.பி.எல். ஆகிய மொழிகளை ஒரே பொறியில் பயிலலாம். ஏ.பி.எல். மொழிக்குரிய தனிக்குறிகளும் திரையில் தோன்றும்.

நினைவகத்தின் உத்தி

இச்செயலிகளுக்கு முகவரிக் கம்பிகள் 16 உண்டு. ஆகவே 2-இன் 16ஆம் அடுக்காகிய 65,536 இடங்களையே, அதாவது 64 கிலோபைட்டையே, அவை நேரே சுட்ட இயலும். ஆனால் சூப்பர்பெட்டில் எழுதிப் படிக்கும் நினைவகம் மட்டும் 96 கிலோபைட் (32 + 64). இது எங்ஙனம் இயலும்?

வகுப்பறையில் கரும்பலகை மாட்ட ஓர் ஆணியே உளது. பலகைகளோ பதினாறு உள. வேண்டிய பலகையை மாட்டிப் படித்தபின், அதனை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். அவ்வாறே 64 கிலோபைட் நினைவகம் 4 கிலோபைட் அளவுள்ள 16 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு பகுதியே செயலிக்குப் புலனாகும். மொழியை இயக்கும் பெரு நிரல் இப்பகுதிகளில் அமர, மாணவரின் நிரலுக்கு 32 கிலோபைட் பகுதி பெரும்பாலும் எஞ்சியது.

பயனும் வரம்பும்

மொழி நிரல்கள் மாணவர் எழுதியதை வரிவரியாகப் பொருள் கொண்டு இயக்கின. பிழை நேர்ந்தால் அவ்விடத்திலேயே இயக்கம் நிற்கும். மாணவர் உடனே திருத்தி மீண்டும் ஓட்டலாம். இம்முறையில் வேகம் குறைவு. எனினும் பயில்வோருக்கு விடை விரைந்து வருவதினும் பிழை விளங்குதலே முதன்மையானது.

தொடர் தகவல் இணைப்பின் வழியாகப் பெரிய கணிப்பொறியுடன் தொடர்பு கொள்ளவும் வசதி இருந்தது. சிறு பொறியில் எழுதிச் சோதித்த நிரலைப் பெரிய பொறிக்கு அனுப்பலாம். ஐ.இ.இ.இ. 488 என்ற இணைப்பு, வட்டு இயக்கிகளுக்கேயன்றி ஆய்வகத்தின் அளவீட்டுக் கருவிகளுக்கும் உரியது. எனவே களப்பணியாளர்க்கும் இத்தகைய அமைப்பு பயனுடையதே.

அதே 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக் கணிப்பொறியும் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அவ்வகைப் பொறிகளே எங்கும் பரவ, சூப்பர்பெட் வழக்கொழிந்தது. ஆயினும் அது உணர்த்திய நெறி மாறவில்லை: மாணவர் அஞ்சாது பிழை செய்யவும், அதன் காரணத்தை உடனே காணவும், திருத்தி மீண்டும் முயலவும் இடமளிப்பதே நற்கருவி. ஆசிரியர்கள் கருவியைத் தேர்ந்தெடுக்குங்கால் அதன் வேகத்தையும் விலையையும் மட்டுமன்றி இவ்வியல்பையும் ஆராய்தல் நலம்.

பயிற்சி வினாக்கள்

1. முகவரிக் கம்பிகள் 20 ஆயின், செயலி எத்தனை இடங்களை நேரே சுட்ட இயலும்?

2. 4 கிலோபைட் பகுதிக்குள் ஓர் இடத்தைக் குறிக்க எத்தனை முகவரிக் கம்பிகள் போதும்? 16 பகுதிகளுள் ஒன்றைத் தேர எத்தனை இரும எண் இலக்கங்கள் வேண்டும்?

3. வரிவரியாக இயக்கும் முறையின் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் கூறுக.